ஏட்டில் இருக்கிறார்கள், பட்டாவில் இல்லை

1

குடும்ப வரலாறு என்றாலே நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. அது ஜமீன்களும் மிராசுகளும் எழுதி வைத்துக்கொள்வது, உழுது பிழைத்தவனுக்கு ஏது வம்சாவளி என்கிற எண்ணம். இந்த எண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டுக் கிராமத்துக் கத்தோலிக்க விவசாயக் குடும்பங்கள் ஒரு விநோதமான நிலையில் இருப்பது தெரியும். அரைக் காணி வைத்திருந்தவனும், காணியே இல்லாமல் பண்ணையில் கிடந்தவனும், அவர்களது பெண்டு பிள்ளைகளும் தனித்தனியே பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறார்கள். பிறந்தபோது ஒருமுறை, கட்டிக்கொண்டபோது ஒருமுறை, செத்தபோது ஒருமுறை. எழுதியவர் ஊர்க் கணக்கப்பிள்ளை இல்லை; பங்குச் சாமியார்.

இப்படியொரு ஆவணத்தை இன்று எடுத்துப் புரட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் பங்கின் நூற்றாண்டு மலர் போடுகிறவர்கள். முதலில் வேதத்தில் சேர்ந்த குடும்பம் எது, கோயிலுக்கு இடம் கொடுத்தது யார், கொடிமரம் யார் உபயம் என்பதோடு அந்த மலர்களில் வரலாறு முடிந்துவிடுகிறது. இது வெறும் பெருமை இல்லை. 'இது எங்க பாட்டன் கட்டுன கோயிலு' என்ற ஒரு வாக்கியம், தேர் எந்தத் தெரு வரைக்கும் போகலாம், கல்லறையில் யாரை எந்தப் பக்கம் புதைக்கலாம் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. அதாவது நம் ஊர்களில் குடும்ப வரலாறு ஓர் உரிமைப் பத்திரம். அதை யார் எழுதிக்கொள்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

பழைய தென்னாற்காட்டின் கத்தோலிக்க ஊர் ஒன்றைச் சேர்ந்தவன் நான். என் தகப்பன் வழியைத் தேடிப் போனதிலிருந்து எனக்குத் தோன்றியது இது: பங்கு ஏடுகளைத் தனியாக வாசித்தால் அவை பரம்பரைப் பெருமை பேசும்; பட்டாவோடும் பத்திரங்களோடும் சேர்த்து வைத்து வாசித்தால், யார் யாருக்கு நிலம் போகாமல் தடுக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி சொல்லும்.

2

ஏடு எங்கிருந்து வந்தது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். மறைமுகத் திருமணங்களைத் தடுக்க 1563இல் திரெந்து பொதுச்சங்கம் ஒவ்வொரு பங்கிலும் திருமணப் பதிவு வைக்கச் சொன்னது. 1614இல் ரோம் வெளியிட்ட சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், கல்யாணம், ஆன்மாக்களின் நிலை, மரணம் என ஐந்து ஏடுகளுக்கு மாதிரி கொடுத்தது. 1606இல் தொடங்கிய மதுரை மிஷன், 1776இல் சேசு சபையாரிடமிருந்து கர்நாடக மிஷனை ஏற்றுக்கொண்ட பாரிஸ் மிஷன் என்று வந்தவர்கள் எல்லோரும் இந்த வழக்கத்தைக் கையோடு கொண்டுவந்தவர்கள்.

பூக்கோவை வாசித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். மேய்ப்பனின் அதிகாரம் மந்தையை மொத்தமாக மட்டும் பார்ப்பதில்லை, ஒவ்வொரு ஆட்டையும் தனித்தனியாக எண்ணுகிறது என்பார் அவர். பாவசங்கீர்த்தனமும் ஏடும் ஒரே கட்டமைப்பின் இரண்டு கைகள். சரிதான். ஆனால் 'கண்காணிப்பு' என்று சொல்லிவிட்டு அத்தோடு நிறுத்திக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு எந்தக் காகிதத்திலும் இடமில்லாதவளுக்குக் கண்காணிப்பின் காகிதம்தான் ஒரே காகிதம் என்றால் என்ன செய்வது? என் அப்பாயியின் பெயர் ஊரில் எந்த நிலப் பதிவிலும் இல்லை. ஞானஸ்நான ஏட்டில் தன் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் எதிரில், தகப்பன் பெயரை அடுத்துத் தாய் என்ற இடத்தில் அவள் இருக்கிறாள். அதிகாரம் தன் தேவைக்காக எழுதியதை, எழுதப்பட்டவர்கள் தங்கள் தேவைக்கு வாசிக்க முடியாதா என்பதே கேள்வி.

3

வாசிப்பதற்குச் சில பழக்கங்கள் வேண்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் (1962–65) வரைக்கும் ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில்தான். ஊரில் சின்னப்பன் என்று கூப்பிடப்பட்டவன் ஏட்டில் பவுலுஸ், ராயப்பன் பெத்ருஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேபுஸ். ஞானப்பிரகாசம் என்பது அலோசியஸ் என்று தெரியாமல் போனால் ஒரு தலைமுறையே கைவிட்டுப் போகும்.

பெயர்களே காலத்தையும் காட்டிக்கொடுக்கும். பிரான்சின் லூர்து கெபியில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படுவது 1858இல். ஆகவே லூர்துசாமியும் லூர்துமேரியும் அதற்கு முன்னால் இருந்திருக்க முடியாது. பாத்திமா 1917க்குப் பிறகு. குழந்தை தெரேசாளுக்குப் புனிதர் பட்டம் 1925இல். ஊரில் தெரேசாக்கள் பெருகுவது அதன் பிறகு. சவரிமுத்து, சந்தியாகு, இன்னாசி போன்ற பெயர்கள் பழைய அடுக்கு. 'எங்க முப்பாட்டன் லூர்துசாமி வீரமாமுனிவர் கையால ஞானஸ்நானம் வாங்குனவரு' என்று ஒருவர் சொன்னால், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் இயங்கிய வீரமாமுனிவரிடம் அந்தப் பெயரை வாங்க வழியில்லை என்று சிரித்துக்கொள்ளலாம்.

ஓரக் குறிப்புகளைத் தவறவிடக் கூடாது. 1908இல் நடைமுறைக்கு வந்த ஒரு ரோம் ஆணை, ஒருவருக்குக் கல்யாணம் ஆனதும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்கச் சொன்னது. வெளியூருக்குக் கட்டிக்கொடுத்த பெண், தான் பிறந்த ஊரின் ஏட்டில் அந்த ஓரத்திலேயே புருஷன் பெயரோடும் போன ஊரோடும் நிற்கிறாள். நம் வம்சாவளிகளில் பெண் தாலி ஏறியதும் மறைந்துபோகிறவள். இங்கே அவள் போன தடம் இருக்கிறது.

4

'பரம்பரை ஆண்டியா, பஞ்சத்துக்கு ஆண்டியா' என்று ஒரு பழமொழி. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் இதுதான் சாதியின் இன்னொரு பெயர். 'நாங்க சாமியாரு வந்த காலத்துலேருந்து வேதக்காரங்க, அவங்க கஞ்சிக்கு வந்தவங்க' என்பார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போதும் அதையொட்டியும் ஆற்காட்டு மாவட்டங்களில் ஏராளமானவர்கள், பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட மக்கள், மதம் மாறினார்கள் என்பது உண்மை. அதை ஓர் இழிவாகத் திருப்பிச் சொல்வதுதான் விஷமம்.

நான் பார்த்த ஏட்டில் மேல்தெருக்காரர்களின் சங்கிலி தொன்மை வரைக்கும் நீளவில்லை. நீளாததற்குக் காரணமும் இருக்கிறது. 1759இல் போர்ச்சுக்கல் தன் ஆட்சிப் பரப்பிலிருந்து சேசு சபையை விரட்டியது. 1773இல் போப்பாண்டவரே சபையைக் கலைத்தார். சாமியார்களின் எண்ணிக்கை சுருங்கி, பல ஊர்கள் உபதேசியார் பொறுப்பில் கிடந்தன. 1838க்குப் பிறகு போர்ச்சுகீசிய அரசின் பழைய உரிமைக்கும் ரோமின் நேரடி நிர்வாகத்துக்கும் சண்டை வந்து, ஒரே பகுதியில் இரண்டு அதிகாரங்களும் இரண்டு கணக்குகளும் ஓடின. இத்தனை உடைப்புகளுக்கு நடுவில் 'இடைவிடாத பரம்பரை' என்பது ஏட்டில் இல்லாதது, வாயில் மட்டும் இருப்பது. பஞ்சத்துக்கு வந்ததாகச் சொல்லப்படும் குடும்பமோ சேர்ந்த நாள், சேர்த்த சாமியார், கூட நின்ற ஞானத்தகப்பன் ஞானத்தாய் என்று சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது. ஆவணத்தின்படி பார்த்தால் யார் 'பரம்பரை'?

5

நிலத்துக்கு வருவோம். கல்யாண ஏடுகளில் அடிக்கடி வருவது 'விலக்கு' என்ற குறிப்பு. மாமன் மகளையும் அத்தை மகளையும் அக்காள் மகளையும் கட்டுவது நமக்கு முறை. திருச்சபைச் சட்டத்துக்கு அது தடை. 1917 வரைக்கும் நான்காம் படி உறவு வரை தடை இருந்தது. ஆகவே கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கும் முன்பு, இன்னாருக்கு இன்னார் எத்தனையாம் படி என்று சாமியார் கணக்குப் போட்டாக வேண்டும். குடியானவன் தலைமுறையை யாரும் கேட்காத நாட்டில் அதை விசாரித்து எழுத வைத்தது இந்தத் தடைதான்.

விலக்குக் கேட்பதற்கு ஏற்கத்தக்க காரணங்களை 1877 மே மாதம் ரோமின் வேதபரப்புச் சபை பட்டியலிட்டுக் கொடுத்தது: ஊர் சிறியது, பெண்ணுக்கு வயசு கூடிவிட்டது, சீதனம் போதவில்லை, சொத்துத் தகராறு தீரும் என்பன போல. உலகம் முழுவதற்குமாகச் சொன்ன அந்தப் பட்டியலை நம்ம ஊர்க் குடியானவன் வாசித்திருந்தால் தன்னைப் பற்றியே எழுதியிருக்கிறது என்றுதான் நினைத்திருப்பான். சொந்தத்தில் கட்டுவதன் உள்ளர்த்தம், பெண் போனாலும் நிலம் போகக் கூடாது என்பது. திருச்சபை தடை போட்டது, விலக்கும் கொடுத்தது. நிலம் இருந்த இடத்தில் இருந்தது.

இதற்கு எதிரில் சட்டம் என்ன சொல்லியது என்பதை நம் ஊர்களில் யாரும் பேசுவதில்லை. 1863இல் ஆபிரகாம் வழக்கில் பிரிவி கவுன்சில், மதம் மாறியவர் விரும்பினால் பழைய இந்துச் சட்டத்தையே வைத்துக்கொள்ளலாம் என்றது. 1865இல் வந்த வாரிசுரிமைச் சட்டம் அந்தக் கதவை மூடியது. அந்தச் சட்டப்படியும், அதன் இடத்தில் வந்த 1925 சட்டப்படியும், உயில் எழுதாமல் இறந்த கிறித்தவரின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. இந்துப் பெண்ணுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்கு நிகரான உரிமை தமிழ்நாட்டில் 1989இல்தான் வந்தது. திருவிதாங்கூர்ச் சட்டத்தின் கீழ் இருந்த கிறித்தவப் பெண்களுக்கு 1986இல் மேரி ராய் வழக்கில்தான் விடிந்தது. ஆனால் தென்னாற்காட்டு வேதக்காரப் பெண்ணுக்கு அவளுடைய கொள்ளுப்பாட்டி காலத்திலேயே சமபங்கு காகிதத்தில் இருந்தது. கைக்கு வந்ததா?

என் தாத்தாவுக்கு மூன்று பெண், இரண்டு பையன். ஐந்து பேரும் ஞானஸ்நான ஏட்டில் வரிசையாக இருக்கிறார்கள். பட்டா இரண்டு பேர் பெயரில். நடுவில் என்ன நடந்தது என்பதற்கு மூன்றாவது ஒரு காகிதம் இருக்கிறது. சார்பதிவாளர் ஆபீசில் அத்தைமார் மூவரும் எழுதிக்கொடுத்தது. அதன் பெயர் 'விடுதலைப் பத்திரம்'. இந்தச் சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி யோசிக்க வேண்டும். விடுதலை இறையியல் பேசிய நம் கிறித்தவ அறிவுஜீவிகளின் வீடுகளிலும் இந்த விடுதலை நடந்துகொண்டுதான் இருந்தது. பெரிய அத்தையிடம் கேட்டேன். 'எங்களுக்குச் செய்ய வேண்டியதச் செஞ்சிட்டாங்கப்பா. பொறந்த வூடுன்னு ஒண்ணு வேணாமா? கையெழுத்துப் போட்டா வரப்போக இருக்கலாம்.' நிலத்தின் விலை, பிறந்த வீட்டு வாசலை மிதிக்கும் அனுமதி. நானும் அந்தக் கையெழுத்தின் மேல்தான் படித்தேன், எம்.ஏ. வரைக்கும்.

6

ஏட்டில் இருந்து பட்டாவில் இல்லாத இன்னொரு கூட்டம் சேரியில் இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீரின் 1891 அறிக்கைக்குப் பிறகு, 1892இல் பஞ்சமருக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. பத்து வருஷத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் பஞ்சமருக்கே விற்கலாம் என்பது நிபந்தனை. அப்படியிருந்தும் அந்த நிலங்களில் பெரும்பகுதி பிறர் கைக்குப் போனது. கத்தோலிக்கர் வாழும் சேரிகளில் அந்நிலங்களை மீட்கப் போராடுகிறவர்களுக்கு, முதலில் பெற்றவரிலிருந்து இன்றைய வாரிசு வரை சங்கிலி கோக்கப் பங்கு ஏடு உதவும்.

ஆனால் அதே ஏடு அவர்களுக்கு எதிராகவும் திரும்பும். 1950 குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்றது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறித்தவர்கள் இல்லை. விளைவு இரட்டைப் பெயர்: கோயிலில் ஒன்று, பள்ளிக்கூடச் சான்றிதழில் ஒன்று. 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம், புதுச்சேரிப் பெண் ஒருவர் இந்து என்று சொல்லிக் கேட்ட பட்டியல் சாதிச் சான்றை மறுத்தது. அப்போது கணக்கில் எடுத்துக்கொண்டவற்றில் அவருக்குக் குழந்தையாக இருந்தபோது கொடுத்த ஞானஸ்நானமும் ஒன்று. மேய்ப்பனின் ஏடு அரசின் சாட்சியானது. தேரும் கல்லறையும் என்று வரும்போது 'நீ பறையன்' என்கிற ஊர். சலுகை என்று வரும்போது 'நீ கிறித்தவன்' என்கிற அரசு. 2008 மார்ச்சில் எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டிய மோதலில், துப்பாக்கிச்சூட்டில் இருவர் செத்தார்கள். அங்கும் கோயில் யாருடையது என்பதுதான் அடியில் இருந்த கேள்வி.

இந்த ஏடுகள் சொல்லாததைச் சொன்னவர்கள் நம் எழுத்தாளர்கள். பாமாவின் 'கருக்கு' (1992), ராஜ் கௌதமனின் 'சிலுவைராஜ் சரித்திரம்' (2002) இரண்டும் ஒரு கத்தோலிக்கச் சேரிக் குடும்பத்தின் வரலாறும்தான். அவற்றைத் தன்வரலாறு, நாவல் என்று வகைப்படுத்திப் பேசினோமே தவிர, ஆவணங்களுக்குப் பக்கத்தில் வைத்து வாசிக்கவில்லை.

ஆகவே பங்கு வரலாறு எழுதும் நண்பர்களிடம் கேட்பது மூன்று. தலைக்கட்டுக் கணக்கில் தொடங்காதீர்கள். அது ஆண்களின் கணக்கு, கோயில் வரிக்காகப் போட்டது. ஞானஸ்நான ஏட்டில் தொடங்கி, ஒவ்வொரு மகளும் எந்த ஊருக்குப் போனாள், என்ன எழுதிக்கொடுத்துவிட்டுப் போனாள் என்று தொடருங்கள். கோயிலுக்கு நிலம் கொடுத்தவர் பெயரைப் போடுகிற பக்கத்திலேயே, அந்த நிலத்தில் உழுதவர் பெயரையும் ஏட்டிலிருந்து எடுத்துப் போடுங்கள். ஏடுகளில் பல கரையானுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அவை முழுதும் போய்விட்டால் மேல்தெருக்காரர்களுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. அவர்களிடம் பட்டா இருக்கிறது.