கையெழுத்து இருந்த நாடும் இல்லாத நாடும்

லைபீரியா, ஹைட்டி இரண்டுமே அடிமைத்தனத்திலிருந்து மீண்ட கறுப்பின மக்கள் நிறுவிய நாடுகள். ஹைட்டியில் அடிமைகளே கிளர்ந்தெழுந்து பிரெஞ்சுக்காரர்களை விரட்டி 1804இல் சுதந்திர நாடு கண்டார்கள். அமெரிக்காவிலிருந்து ஆப்பிரிக்கக் கரையேறியவர்கள் 1847இல் லைபீரியாவைச் சுதந்திர நாடாக அறிவித்தார்கள். இரண்டு நாடுகளுக்கும் ஐ.நா. அமைதிப்படை அடுத்தடுத்து வந்தது: லைபீரியாவில் 2003 முதல் 2018 வரை, ஹைட்டியில் 2004 முதல் 2017 வரை. இன்று லைபீரியாவில் தோற்ற அதிபர் தோல்வியை ஒப்புக்கொண்டு பதவியை விட்டு இறங்குகிறார். 2023 தேர்தலில் தோற்ற ஜார்ஜ் வியா அதைச் செய்தார். ஹைட்டியிலோ அதிபர் ஜோவனெல் மொய்ஸ் 2021 ஜூலையில் சொந்த வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடிக்குள் போய்விட்டது.

படை வந்து இறங்கிய நாளில் அங்கே காப்பதற்கு ஓர் உடன்படிக்கை இருந்ததா என்பதிலிருந்துதான் இந்த வேறுபாடு தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

லைபீரியாவில் இருந்தது. 1989இல் தொடங்கி இடைவெளி விட்டு நடந்த இரண்டு உள்நாட்டுப் போர்களுக்குப் பிறகு, 2003 ஆகஸ்டில் அதிபர் சார்ல்ஸ் டெய்லர் நாட்டை விட்டு வெளியேறினார். ஒரே வாரத்தில் கானாவின் தலைநகர் அக்ராவில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதை ஆண்கள் மட்டும் பேசி முடித்துவிடவில்லை. பேச்சுவார்த்தை வாரக்கணக்கில் இழுபட்டபோது, லேமா போவீ தலைமையில் வெள்ளை உடை அணிந்த பெண்கள் மண்டபத்தின் வழியை மறித்து உட்கார்ந்தார்கள். முடிவு காணாமல் யாரும் வெளியேறக்கூடாது என்றார்கள். யார் இடைக்கால ஆட்சி நடத்துவது, யார் ஆயுதம் கீழே வைப்பது, தேர்தல் எப்போது என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தன. ஐ.நா. படைக்கு அதுவே பிடிமானம்.

அதனால் படையின் தவறுகளைக்கூடத் திருத்த முடிந்தது. 2003 டிசம்பரில் மன்ரோவியாவுக்கு அருகே ஆயுத ஒப்படைப்பு தொடங்கியபோது, எதிர்பார்த்ததைவிட மிக அதிகமான போராளிகள் திரண்டு வந்தார்கள். பணம் கேட்டுக் கலவரம் வெடித்தது. வேலையை நிறுத்தி, 2004 ஏப்ரலில் மீண்டும் தொடங்கினார்கள். முடிவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிவு செய்துகொண்டார்கள். 2007 ஜனவரியில் இந்தியாவின் மத்திய ரிசர்வ் போலீஸ் படைப் பெண்கள் அங்கே போய் இறங்கினார்கள். முழுக்கப் பெண்களைக் கொண்ட முதல் ஐ.நா. போலீஸ் பிரிவு அது. அதிபர் அலுவலகத்தைக் காத்தார்கள், இரவு ரோந்து போனார்கள்.

இந்த அமைதிக்கு லைபீரியா விலையும் கொடுத்தது. போர்த்தலைவர் பிரின்ஸ் ஜான்சன் செனட்டரானார். போர்க் குற்றங்களுக்காக ஒருவரும் லைபீரியாவுக்குள் தண்டிக்கப்படவில்லை.

ஹைட்டியில் 2004 பிப்ரவரியில் அதிபர் அரிஸ்டைட் அமெரிக்க விமானத்தில் நாட்டை விட்டுப் போனார். தாமாகவே போனார் என்றது அமெரிக்கா; கடத்தப்பட்டேன் என்றார் அவர். ஊரே இரண்டுபட்டு நின்ற அந்த நேரத்தில், அவருக்குப் பின் வந்த இடைக்கால அரசுக்குத் துணையாக ஐ.நா. படை வந்தது. எந்த இரு தரப்பும் உட்கார்ந்து பேசி எழுதிய ஒப்பந்தம் அதன் கையில் இல்லை. அரிஸ்டைட் ஆதரவாளர்கள் நிறைந்த தலைநகரின் சிட்டே சொலேய் சேரிக்கு ஐ.நா. படையின் நீல ஹெல்மெட் எதிர்த்தரப்பாகவே தெரிந்தது. 2005 ஜூலையில் ஒரு கும்பல் தலைவனைத் தேடி அங்கே நுழைந்த படை 20,000க்கும் மேற்பட்ட தோட்டாக்களைச் சுட்டது. அந்தக் குடிசைகளின் தகரச் சுவர்கள் எதைத் தடுத்திருக்கும்? 2007இல் கும்பல்களை ஒடுக்கியதும் உண்மைதான். ஆனால் அவர்களுக்குப் பணமும் துப்பாக்கியும் கொடுத்துவந்த அரசியல்வாதிகளும் வணிகர்களும் அப்படியே இருந்தார்கள்.

2010 ஜனவரி 12 நிலநடுக்கத்தில் அங்கிருந்த ஐ.நா. தூதுக்குழுவின் தலைமையகமும் இடிந்தது, தூதுக்குழுத் தலைவர் ஹெடி அனாபி உட்பட 102 ஐ.நா. பணியாளர்கள் மாண்டார்கள். அந்தத் தியாகத்தை யாரும் குறைத்துப் பேசக்கூடாது. அதே ஆண்டு அக்டோபரில், மீர்பலே அருகே நேபாளப் படைமுகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. ஏறக்குறைய 10,000 பேர் இறந்தார்கள். பல ஆண்டுகள் பொறுப்பை மறுத்த ஐ.நா.வின் சார்பில் 2016 டிசம்பரில்தான் அப்போதைய பொதுச்செயலாளர் பான் கி-மூன் மன்னிப்புக் கேட்டார். இழப்பீடு கேட்டு நியூயார்க்கில் தொடுத்த வழக்கோ, ஐ.நா.வை நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்று தள்ளுபடியானது.

காலராவுக்கு முன்பே, 2007இல், சிறுமிகள் உட்படப் பலரைப் பாலியல் சுரண்டலுக்கு உள்ளாக்கிய புகாரில் 100க்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் ஹைட்டியிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டார்கள். படையினரை விசாரிக்கும் அதிகாரம் அனுப்பிய நாட்டுக்கே உண்டு என்பது விதி. யாரும் சிறைக்குப் போகவில்லை. லைபீரியாவிலும் இத்தகைய புகார்கள் எழாமல் இல்லை. ஆனால் அங்கே அமைதி மக்களும் சேர்ந்து உருவாக்கியது. படையின் மேல் நம்பிக்கை குலைந்தாலும் அமைதி நின்றது. ஹைட்டியில் படையைத் தவிர வேறு பிடிமானமே இல்லை. காலராவோடு அதுவும் போயிற்று.

2024 ஜூனில் கென்யப் போலீஸார் போர்ட்-ஓ-பிரின்ஸில் இறங்கினார்கள். 2025 செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை கென்யா தலைமையிலான அந்தப் படையை இன்னும் பெரிய, கும்பல் ஒடுக்கும் படையாக மாற்ற வாக்களித்தது. யார் ஆயுதம் கீழே வைப்பது என்பதை எல்லாத் தரப்புகளும் பேசிக் கையெழுத்திட்ட உடன்படிக்கை ஒன்று இந்த முறையும் அந்தப் படையின் கையில் இல்லை.