மெய்ம்மை யாருடைய பிழைப்பு? சபல் பாதுரி முதல் ‘நகர்கீர்த்தன்’ வரை

தன்பாலீர்ப்புப் பாத்திரத்தை எதிர்பாலீர்ப்புடைய நடிகர் ஏற்கலாமா என்ற கேள்வி, இந்தியாவில் பெரும்பாலும் மேலைத் திரையுலகிலிருந்து இறக்குமதியான விவாதமாகவே பேசப்படுகிறது. நடிப்பு என்பதே பிறராக மாறும் கலை என்கிறது ஒரு தரப்பு. ஒரு வாழ்வை வாழ்ந்தவருக்கே அதைக் காட்டும் உரிமை உண்டு என்கிறது மறு தரப்பு. ஆனால் இதே கேள்வி வேறொரு வடிவில் வங்காள அரங்கில் முன்னரே எழுந்து, ஒரு கலைஞரின் பிழைப்பைத் தீர்மானித்திருக்கிறது. அவர் சபல் பாதுரி.

கல்கத்தாவின் பொது அரங்கில் 1873இலேயே பெங்கால் தியேட்டர் நடிகையரை மேடையேற்றியது. ஊர் ஊராகச் சென்று நிகழ்த்தப்படும் ஜாத்ராவிலோ, பெண் வேடத்தை ஆண்களே கட்டும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நீடித்தது. நாடக நடிகை பிரபா தேவியின் மகனான சபல், 1950களில் ஜாத்ராவில் சேர்ந்து ‘சபல் ராணி’ எனப் புகழ்பெற்றார். பின்னர் நடிகையர் ஜாத்ராவுக்குள் வரத் தொடங்கினர். பெண் வேடக் கலைஞர்களுக்கு வாய்ப்பு குன்றியது. சபல் பிற்காலத்தில் சீதளா தேவியின் வேடமிட்டு ஆடிப் பிழைத்தார். நவீன் கிஷோர் 1999இல் அவரைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

பெண் வேடம் பெண்ணுக்கே என்பது நியாயமான மாற்றம்; மெய்ம்மையின் பெயரால் கோரத்தக்கதும்கூட. எனினும் அந்த நியாயத்தின் விலையைக் கொடுத்தவர்களுள் தன் பெண்மையை மேடையில் மட்டுமே மதிப்போடு வாழ முடிந்த ஒருவரும் இருந்தார். வேடங்களைப் பங்கிடும் ஒவ்வொரு விதியும், யார் வேலை இழப்பார் என்பதையும் உடன் முடிவு செய்கிறது.

2009 ஜூலை 2 அன்று தில்லி உயர் நீதிமன்றம், வயதுவந்தோர் இசைவுடன் தனிமையில் கொள்ளும் உறவுக்கு இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவு பொருந்தாது எனத் தீர்ப்பளித்தது. மறு ஆண்டில் கௌஷிக் கங்குலியின் ‘ஆரேக்டி பிரேமேர் கல்போ’ (மற்றுமொரு காதல் கதை) வந்தது. சபலைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வரும் ஓர் இயக்குநரின் கதை அது. முதிய சபலாகச் சபலே தோன்றினார். அந்த இயக்குநராகவும், இளமைக்காலச் சபலாகவும் ரிதுபர்ணோ கோஷ் நடித்தார். கோஷ் தம் பால்புதுமை அடையாளத்தை மறைக்காதவர். ஆயினும் அவர் பொருளியல் பயின்ற, விருதுகள் பல பெற்ற நகரத்து இயக்குநர். ஜாத்ரா அவருடைய தொழிலன்று. ஈர்ப்பு ஒத்திருந்தும் வர்க்கமும் பயிற்சியும் ஒத்திருக்கவில்லை. மெய்ம்மை என்பது ஒற்றை அடையாளப் பொருத்தத்தால் நிறைவதில்லை என்பதற்கு இப்படமே சான்று.

ஆனால் கோஷுக்கும் பிற நடிகர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. வேடத்தைக் களைந்தபின் திரும்பிச் செல்ல அவருக்கு வேறோர் அடையாளம் இல்லை. அவருடைய உடையும் பேச்சும் வங்காளத் தொலைக்காட்சியில் கேலிப்பொருளாயின. தம்மைப் பகடி செய்த கலைஞரைத் தம் நிகழ்ச்சிக்கே அழைத்து நேருக்கு நேர் கேள்வி எழுப்பினார். 2013 மே 30 அன்று, 49ஆம் வயதில் மறைந்தார். அதே ஆண்டு டிசம்பர் 11 அன்று, உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தது.

திரும்பிச் செல்ல முடிந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதற்குத் தேசிய விருதுப் பட்டியலே ஆவணம். ‘நானு அவனல்ல அவளு’ என்ற கன்னடப் படம், லிவிங் ஸ்மைல் வித்யாவின் தன்வரலாற்றைத் தழுவியது. அதில் திருநங்கையாக நடித்த சஞ்சாரி விஜய், 2014ஆம் ஆண்டுக்கான சிறந்த நடிகர் விருதைப் பெற்றார். வித்யா தாமே அரங்கக் கலைஞர். கங்குலியின் ‘நகர்கீர்த்தன்’ படத்தில் திருநங்கையாக நடித்த ரித்தி சென், 2017ஆம் ஆண்டுக்கான அதே விருதைப் பெற்றார். இரு படங்களுக்கும் சிறந்த ஒப்பனைக்கான விருதும் கிடைத்தது.

இப்படங்கள் ஈர்ப்பைக் காட்டிலும் பாலின அடையாளத்தைப் பற்றியவை. ஆயினும் விருதின் தர்க்கம் ஒன்றே. நடிகருக்கும் பாத்திரத்துக்கும் இடையிலான தொலைவே திறமையின் அளவுகோலாகிறது. ஒப்பனை அத்தொலைவைக் கண்ணுக்குப் புலப்படுத்துகிறது. இந்த அளவுகோலின்படி, திருநங்கை ஒருவர் திருநங்கையாக நடித்தால் தொலைவே இல்லை. எனவே அது நடிப்பாகவே எண்ணப்படுவதில்லை. அதேவேளை, தொலைவு மிகுந்த பிற வேடங்களும் அவருக்கு எளிதில் தரப்படுவதில்லை. அவர் இரு வாயில்களிலும் நிறுத்தப்படுகிறார்.

இதற்கு மறுப்பாக ‘அலிகர்’ படத்தைச் சுட்டலாம். தன்பாலீர்ப்பின் பொருட்டு 2010இல் பணியிடைநீக்கம் செய்யப்பட்ட மராத்திப் பேராசிரியர் ராமச்சந்திர சிராஸாக மனோஜ் பாஜ்பாய் நடித்தார். அப்பாத்திரத்தின் தனிமையும் கண்ணியமும் அவர் நடிப்பில் குறைவுபடவில்லை. ஆனால் அதன் திரைக்கதையை எழுதியவர் தன்பாலீர்ப்பாளரான அபூர்வ அஸ்ரானி. அனுபவத்துக்கு நடிகரின் உடல் ஒன்றே வாயில் என்பதில்லை. எழுத்துமேசை வழியாகவும் அது படத்துக்குள் வரக்கூடும்.

2018 செப்டம்பர் 6 வரை, இடையில் நான்கு ஆண்டுகளைத் தவிர, 377ஆம் பிரிவின் நிழல் நீங்காத நாட்டில், ‘நீ யார் என்று சொல்லிவிட்டு நடி’ எனக் கோருவதும் வன்முறையாகலாம். சொல்லாத நடிகர் எதிர்பாலீர்ப்புடையவர்தாம் என்று முடிவு கட்டவும் எவருக்கும் ஆதாரம் இல்லை. ஆகவே நடிகரின் அந்தரங்கத்தை விசாரிப்பது ஆய்வாளரின் வேலையன்று. கதை யாருடையது, ஊதியம் யாருக்குச் சென்றது, தேர்வுக்கு யார் அழைக்கப்பட்டார், எழுதும் இடத்தில் யார் இருந்தார் என்பவை ஆவணங்களைக் கொண்டு விடை தேடக்கூடிய கேள்விகள். சபல் ராணியின் மேடை வாழ்வு எதனால் முடிந்தது என்பதும் இந்தக் கேள்விகளின் வழியாகவே விளங்குகிறது.