புன்னைக்காயல்: ஒரு சிவகாசிக்காரனின் குறிப்புகள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை புன்னைக்காயல் போய்விட்டு வந்தேன். மீன் வாங்கப் போகவில்லை, ஒரு புத்தகத்துக்காகப் போனேன். அந்தப் புத்தகம் அங்கே இல்லை என்று தெரிந்துதான் போனேன்.

முதலில் என் கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிவகாசியில் அப்பா ஒரு சின்ன ட்ரெடில் பிரஸ் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, பில் புக், நோட்டீஸ், இவ்வளவுதான் தொழில். ஆப்செட் வந்து தொழில் படுத்த பிறகு, கேஸ் கேஸாக இருந்த ஈய எழுத்துகளைச் சாக்கில் கட்டி எடைக்குப் போட்டார். நான் அப்போது பி.இ. இரண்டாம் ஆண்டு. சாக்கைத் தூக்கிக் கொடுத்தவன் நான்தான். அதில் ஒரு 'ழ'வையாவது எடுத்து வைத்திருக்கலாம் என்ற நினைப்பு நாற்பது வயதுக்கு மேல்தான் வந்தது. தமிழ் அச்சின் வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்ததும் அதனால்தான்.

தேடினால் கதை நம்ம ஊர்ப் பக்கமே வந்து நிற்கிறது. தூத்துக்குடி தாண்டி, திருச்செந்தூர் சாலையில் பழையகாயல், ஆத்தூர். அங்கே கிழக்கே திரும்பி, சேர்ந்தபூமங்கலம் வழியாகப் போனால், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல். வெயில், உப்பு, வரிசையாக பைபர் படகுகள்.

இந்த ஆறு ஊர்களை இடம் மாற்றிக்கொண்டே வந்திருக்கிறது. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டு சில கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. ஆற்று வண்டல் மேவியதும் வணிகம் காயலுக்கு நகர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ எழுதியது அந்தக் காயலைப் பற்றித்தான். பிறகு புன்னைக்காயல், அதற்கும் பிறகு தூத்துக்குடி. கிளாஸ்கோவில் படித்த கால்டுவெல், இந்த இடங்களில் தோண்டிப் பார்த்து 1870களிலேயே இதை எழுதிவைத்தார்.

சரி, புத்தகத்துக்கு வருவோம்.

1530களில் முத்துக்குளித்துறைப் பரதவர்கள் போர்ச்சுக்கீசியர் பாதுகாப்பை நாடி, கூட்டமாகக் கிறிஸ்தவத்தைத் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தார். அவருக்குப் பின் வந்தவர் அன்றிக் அன்றிக்கஸ் என்ற போர்ச்சுக்கீசிய இயேசு சபைத் துறவி. தமிழைக் கற்று, தமிழுக்கு ஒரு இலக்கணமும் எழுதிய அவர் அரை நூற்றாண்டு இந்தக் கடற்கரையில் உழைத்து, 1600இல் காலமானார்.

1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் நூல் அச்சாகியிருந்தது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் 1578இல் கொல்லத்தில் வந்த 'தம்பிரான் வணக்கம்'. மொத்தம் 16 பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. 1586இல் மூன்றாவதாக, புனிதர்களின் வாழ்க்கையைச் சொல்லும் 'அடியார் வரலாறு'. இது 600 பக்கங்களுக்கும் மேல். புன்னைக்காயலில் அச்சானதாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. நான் போனது இந்தப் புத்தகத்துக்காகத்தான். அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் இருக்கிறது. இராசமாணிக்கம் அடிகளார் 1967இல் அதைத் தூத்துக்குடியில் மறுபதிப்பாகக் கொண்டுவந்தார்.

நம் பாடப்புத்தகங்கள் "பாதிரியார்கள் அச்சுக் கொண்டுவந்தார்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்ளும். பணம் எங்கிருந்து வந்தது? பரதவர்களும் அதற்குக் கொடுத்தார்கள். அந்தக் காசு எப்படிச் சம்பாதித்த காசு என்று யோசித்துப் பாருங்கள். கடல் அமைதியாக இருக்கும் சில வாரங்கள் மட்டும், காலில் கல்லைக் கட்டி, கயிற்றைப் பிடித்து, மூச்சடக்கிப் 'பார்' வரை இறங்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் கைக்கு வந்த சிப்பியை அள்ளிக்கொண்டு மேலே வர வேண்டும். சில ஆண்டுகள் சிப்பியே இருக்காது.

கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"எந்த ஊரு தம்பி?"

"சிவகாசி, ஐயா."

"பட்டாசுக்காரவுகளா! எங்க வீட்டுக் காலண்டர் உங்க ஊர்ல அடிச்சதுதான்."

நானூறு வருடத்துக்கு முன்னால் உங்கள் ஆட்கள் காசு கொடுத்துத்தான் தமிழில் புத்தகம் அச்சடித்தார்கள் என்று சொன்னேன். அவர் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"குடுத்திருப்பாக. கடல் குடுத்தா ஊருக்குன்னு ஒரு பங்கு ஒதுக்கிருவோம்லா."

எனக்கு உடனே எங்கள் பக்கத்து மகமை ஞாபகம் வந்தது. வியாபாரத்தில் ஒரு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவது மகமை. விருதுநகரில் காமராஜர் படித்த சத்திரிய வித்யாசாலை அப்படிச் சேர்ந்த காசில் நடந்த பள்ளிதான். கரிசல் காட்டு வியாபாரிகள் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்ததும், மூச்சடக்கியவர்கள் புத்தகத்துக்குக் கொடுத்ததும் எனக்கு ஒரே காரியமாகத்தான் தெரிகிறது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இவ்வளவு நன்றாக ஆரம்பித்தது ஏன் நின்றுபோனது? அன்றிக்கஸின் காலத்தோடு இந்த அச்சுமுயற்சி ஓய்கிறது. அடுத்து 1670களின் கடைசியில் கேரளத்து அம்பலக்காட்டில்தான் தமிழ் எழுத்தை மறுபடி அச்சில் பார்க்கிறோம். அதுவும் புதிதாக மரத்தில் செதுக்கிய எழுத்து. பிறகு 1710களில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு.

என் ஊகம் ஒரு மென்பொருள்காரனின் ஊகம். ஒரு சிஸ்டத்தின் ரகசியம் ஒரே ஆளின் தலையில் இருந்தால், அவர் வேலையை விட்டுப் போகும் நாளில் சிஸ்டமும் படுத்துவிடும். எழுத்து வார்த்த ஜோவான் டி ஃபாரியா 1582இலேயே இறந்துவிட்டார். அன்றிக்கஸுக்கும் வயதாகிவிட்டது. வாசிக்க ஆள் இருந்தது, கொடுக்கக் கையும் இருந்தது. தொழில் மட்டும் கரைக்காரர்கள் கைக்கு வரவில்லை.

சிவகாசியில் நடந்தது இதற்கு நேர் எதிர். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சு வேண்டும். ஒருவர் கற்றது பத்துப் பேருக்குப் போனது. பத்துப் பேரும் தனித்தனியாகப் பிரஸ் போட்டார்கள். என் அப்பா அப்படி வந்தவர்களில் ஒருவர். அவர் கடை மூடியும் ஊரில் அச்சுத் தொழில் நிற்கவில்லை.

தூத்துக்குடியில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல். கொற்கைக்கு உண்டான கதி முத்துக்கும் உண்டானது. புத்தகம் மட்டும் எங்கேயோ ரோமாபுரியில் பத்திரமாக இருக்கிறது.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார்: "அந்தப் புஸ்தகம் இப்ப வாசிச்சா புரியுமா தம்பி?"

"கஷ்டம்தான் ஐயா. அந்தக் காலத் தமிழ்."

"எங்க பாட்டன்மாருக்குப் புரிஞ்சிருக்கும்லா?"

"அவுகளுக்காகத்தான் எழுதினது."

அவர் தலையாட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார். இன்னொரு முறை போகும்போது 1967 பதிப்பின் சில பக்கங்களைப் பிரதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். அவரிடம் வாசித்துக் காட்டிப் பார்க்கலாம்.