பாலைவன நகரொன்றின் பழஞ்சுவடிகள்

பேரரசுகளின் வரலாறு கல்லிலும் செம்பிலும் பொறிக்கப்பட்டுக் காலத்தை வென்று நிற்கின்றது. சிற்றூர்களின் வரலாறோ பழைய பெட்டகங்களிலும் அலுமாரிகளிலும் ஒதுங்கிக் கிடப்பது. ஒரு குடும்பத்தின் நிழற்படம், ஒரு விடுதியின் தபாலட்டை, மங்கிப்போன ஒரு நிலப்படம் ஆகியனவே அவ்வூரின் சாசனங்கள். அவை குப்பையோடு குப்பையாய்ப் போகுமாயின் ஊரின் ஞாபகமும் உடன்போகும். இவ்வுண்மையை நன்கு உணர்த்தும் நகரங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலத்திலுள்ள பாம் ஸ்பிறிங்ஸ்.

லொஸ் ஏஞ்சலிஸ் மாநகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 100 மைல் தொலைவில், சான் ஹசின்டோ மலையின் அடிவாரத்தில், பாலைநிலத்தின் நடுவே இந்நகரம் அமைந்துள்ளது. மலைப் பள்ளத்தாக்குகளில் அருவிகள் ஓடுகின்றன; அவற்றின் கரைகளில், நம் பனையோலை போல விசிறியாய் விரியும் ஓலையுடைய மரங்கள் அடர்ந்து நிற்கின்றன. நகரின் நடுவே வெந்நீர் ஊற்றொன்று பொங்குகின்றது. ஊற்றும் மரமும் சேர்ந்தே ஊருக்குப் பெயர் தந்தன.

இந்நிலத்தின் ஆதிக்குடிகள் கவீயா மக்கள். அவர்களுள் அக்குவா கலியந்தே என்னும் பிரிவினர் வெந்நீர் ஊற்றைப் புனிதமாகப் போற்றி, அதனருகே பன்னெடுங் காலமாக வாழ்ந்து வருகின்றனர். அவர்களின் வரலாறு ஏட்டில் எழுதப்பட்டதன்று. பாட்டாகவும் கதையாகவும் வாய்வழி வந்தது. அக்குலத்தின் முதியவரான பிரான்சிஸ்கோ பத்தென்சியோ சொல்லக் கேட்டு எழுதப்பட்ட கதைகள் 1943ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. முதியவர் ஒருவரின் நினைவிலிருந்த செல்வம் அவரோடு மறையாமல் காக்கப்பட்டது.

1870களில் புகையிரதப் பாதை இப்பள்ளத்தாக்கினூடே வந்தது. அரசாங்கம் நிலத்தை ஒரு சதுர மைல் கொண்ட பகுதிகளாகப் பிரித்து, ஒற்றை எண்ணுடையவற்றைப் புகையிரதக் கம்பனிக்கு வழங்கியது. 1876, 1877ஆம் ஆண்டுகளில் இரட்டை எண்ணுடையவை பல பழங்குடியினருக்கென ஒதுக்கப்பட்டன. சதுரங்கப் பலகை போன்ற இப்பங்கீடு பின்னாளில் பெருந்துயரொன்றுக்கு வித்தாயிற்று.

1884ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஜோன் மக்கலம் என்னும் சட்டத்தரணி, சயரோகத்தால் வாடிய தம் மகனுக்கு வறண்ட காற்று நலந்தரும் என நம்பிக் குடும்பத்தோடு இங்கு வந்து குடியேறினார். பச்சை மண் கற்களால் வீடு கட்டிப் பழத்தோட்டம் அமைத்தார். 1893இன் பெருவெள்ளமும் அதன்பின் வந்த நெடிய வறட்சியும் தோட்டத்தை அழித்தன. எனினும் மண்வீடு நிலைத்தது. வெல்வுட் மரே என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1886இல் முதல் விடுதியைத் திறந்தார். 1909இல் நெல்லி கொவ்மன் அம்மையார் தொடங்கிய 'டெசேட் இன்' விடுதி, நோய் தீர வந்தோரின் ஊரை ஓய்வு நாடி வருவோரின் ஊராக மாற்றிற்று. ஹொலிவூட் நடிகர்களும் வந்து குவிந்தனர். 1938இல் அது நகரமாக அங்கீகாரம் பெற்றது.

உல்லாச நகரம் புதுமையையே விரும்பும். பழைய விடுதி இடிந்தாலன்றிப் புதியது எழ இடமில்லை. டெசேட் இன் விடுதியும் 1960களில் இடிக்கப்பட்டது. இவ்வேகத்தினூடே பழமையைக் காக்க 1955இல் பாம் ஸ்பிறிங்ஸ் வரலாற்றுக் கழகம் தோன்றிற்று. மக்கலம் குடும்பத்தின் மண்வீடு ஆதியில் நின்ற இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு, நகரின் நடுவே மீண்டும் எழுப்பப்பட்டு, கழகத்தின் நூதனசாலையாயிற்று. கைவிடப்பட்ட இருப்புப்பாதையின் சிலிப்பர்க் கட்டைகளால் 1893இல் மரே கட்டிய சிறு வீடும் இன்று அதனருகே நிற்கின்றது. 1941இல் திறக்கப்பட்ட மரே ஞாபகார்த்த நூல்நிலையம் வரலாற்று ஆராய்ச்சிக்கும் இடமளிக்கின்றது.

நிழற்படங்களைச் சேர்ப்பது எளிது. அவற்றைப் பேசவைப்பதே அரிது. படத்தில் நிற்பவர் யார், எந்தத் தெரு, எந்த ஆண்டு என்பன குறிக்கப்படாவிடின், அது முகங்களின் கூட்டமேயன்றி வரலாறன்று. அதனை அறிந்த முதியவர் உயிரோடிருக்கும்போதே கேட்டு எழுதிவிடல் வேண்டும். வெப்பம் காகிதத்தையும் படச்சுருளையும் விரைந்து கெடுப்பதால், அமிலமற்ற உறைகளிலும் குளிர்ந்த அறைகளிலும் அவற்றை வைத்தல் வேண்டும்.

சேர்த்து வைத்தவை ஒருபுறமிருக்க, எழுதாது விடப்பட்டவையும் ஒரு நகரின் வரலாற்றைச் சொல்லும். நகரின் நடுவேயுள்ள 14ஆம் பகுதி பழங்குடியினருக்கு உரிய ஒரு சதுர மைல் நிலம். விடுதிகளைக் கட்டியும் துப்புரவு செய்தும் உழைத்த கறுப்பினத்தவரும் மெக்சிக்க வமிசத்தவரும் அங்கு குறுகிய காலக் குத்தகையில் வீடமைத்து வாழ்ந்தனர். 1959ஆம் ஆண்டுச் சட்டம் 99 ஆண்டுக் குத்தகைக்கு வழிதிறந்ததும் அந்நிலத்தின் மதிப்பு உயர்ந்தது. குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் அழிந்தன. நகரத் தீயணைப்புப் படையினரே அவ்வெரிப்பில் ஈடுபட்டனர்.

1968இல் மாநிலச் சட்டமா அதிபர் திணைக்களம் வெளியிட்ட அறிக்கை நகர நிருவாகத்தைக் கடுமையாகக் கண்டித்தது. 14ஆம் பகுதியில் அழிக்கப்பட்ட வீடுகளுக்கு நகரம் தனிப் பதிவேடு வைக்கவில்லை என்பதையும், அதனால் வீடிழந்தோர் யாவர் என்பதற்கு உத்தியோகபூர்வமான சான்று இல்லாது போயிற்று என்பதையும் அது சுட்டிக்காட்டியது. வீடு போனது ஓர் இழப்பு. வீடு இருந்ததென்பதற்குச் சாட்சியும் போனது மற்றோர் இழப்பு.

அவ்விடைவெளியை நிரப்ப மக்களின் சொந்தப் படங்களும் நினைவுகளும் பழைய பத்திரிகைகளுமே உதவின. 2021இல் நகரசபை மன்னிப்புக் கோரியது. 2024இல் முன்னாட் குடியிருந்தோருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் 59 இலட்சம் டொலர் வழங்க உடன்பட்டது. அரை நூற்றாண்டுக்குப் பின் நீதி கேட்டோருக்கு, வீட்டு வாசலில் பிள்ளைகளோடு எடுத்த சாதாரணப் படமும் சாட்சியாயிற்று.

பழங்குடியினரும் தம் வரலாற்றைத் தாமே சொல்ல முற்பட்டனர். வெந்நீர் ஊற்றின் அருகே அவர்களின் பண்பாட்டு நூதனசாலை 2023இல் புதிய கட்டிடத்தில் திறக்கப்பட்டது.

சுவடிக்கூடம் ஊரின் பெருமையை மட்டும் அடுக்கிவைக்கும் அலங்கார அறையன்று. நடிகரின் மாளிகையும் பணிப்பெண்ணின் குடிசையும் அங்கு அருகருகே இடம்பெறல் வேண்டும். எதைச் சேர்ப்பது, எவரைக் கேட்பது என்று இன்று செய்யும் தீர்மானமே, நாளை அவ்வூரில் யார் வாழ்ந்தார்கள் என்பதற்கு விடையாகும். பரணிலுள்ள பழைய பெட்டியை வெறுமையாக்க முனைவோர், அதனுள் இருப்பதை ஒருமுறை பார்த்து, படத்தின் பின்புறத்தில் பெயரையும் ஆண்டையும் எழுதிவைப்பாராயின், அதுவும் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டேயாகும்.