போரின் எச்சமாக ரேஷன் கடை: கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தை முன்வைத்து

1767 செப்டம்பரில் ஐதர் அலி, நிஜாம் ஆகியோரின் கூட்டுப் படையும் ஜோசப் ஸ்மித்தின் கம்பெனிப் படையும் திருவண்ணாமலையில் மோதின. அம்மலைக்கும் செஞ்சிக் கோட்டைக்கும் இடையில் உள்ள கீழ்பென்னாத்தூர் வட்டாரம் போர்களுக்குப் புதியதன்று. இரண்டாம் உலகப் போரோ இங்கு நடக்கவேயில்லை. எனினும் இவ்வட்டாரத்தின் இன்றைய அன்றாட வாழ்வில் ஆழமாகத் தடம் பதித்திருப்பது அந்தத் தொலைதூரப் போர்தான். அத்தடம் பொது விநியோக முறை. அதன் கருவிகளைப் போர் செய்து கொடுத்தது. அவற்றின் நோக்கத்தை வாக்குரிமை மாற்றியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பங்கீடும் கொள்முதலும்

1940இல் பிரான்சு வீழ்ந்ததும் ஆர்க்காட்டு மாவட்டங்களின் மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) ஐரோப்பியச் சந்தை அடைபட்டது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனதும் பர்மா அரிசி வரத்து நின்றது. மானாவாரி நிலத்தின் பணப்பயிரையும் மாகாணத்தின் உணவு இருப்பையும் போர் இவ்வாறு அடுத்தடுத்துத் தாக்கியது. 1943இல் வங்கம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தபோது, தியோடர் கிரிகரி தலைமையிலான உணவு தானியக் கொள்கைக் குழு பெருநகரங்களில் பங்கீட்டைப் பரிந்துரைத்தது. அதே ஆண்டில் சென்னை நகரிலும் பங்கீடு தொடங்கியது.

நகரத்தில் பங்கீடு என்றால் கிராமத்தில் கொள்முதல். இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் விலையும் தானியப் போக்குவரத்தும் அரசின் பிடிக்குள் வந்தன. நிலவரிக்காகக் கிராமக் கணக்கரான கர்ணம் எழுதிவந்த கணக்கு, எந்தக் குடியானவரிடம் எவ்வளவு உபரி நெல் என்று கேட்கும் கணக்காகவும் மாறியது. போர்க்காலத்தில் கிராமம் கொடுக்கும் இடம். பெறும் இடம் நகரம்.

2. தொடர்ச்சி பற்றிய ஐயம்

1952இல் முதலமைச்சர் இராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கியதோடு போரின் கதை முடிந்தது எனலாம். கடைகளைப் பொறுத்தவரை அது பெரிதும் உண்மை. சட்டத்தைப் பொறுத்தவரை அன்று. போர்க்கால அதிகாரங்கள் 1946இன் தற்காலிகச் சட்டத்தில் புகுந்து, 1955இன் அத்தியாவசியப் பொருள்கள் சட்டத்தில் நிலைத்தன. அறுபதுகளில் அரிசித் தட்டுப்பாடு திரும்பியபோது எதையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் கருவி கையில் இருந்ததாலேயே அது நிலைத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. தமிழகத்தைவிடக் கடுமையான பங்கீட்டைக் கண்ட பிரிட்டன் 1954இல் அதை முற்றாகக் கைவிட்டது. இங்கு நிலைத்ததற்குக் காரணம் தேர்தல் அரசியல். அரிசி விலையை முன்வைத்து 1967இல் ஆட்சியைப் பிடித்த தி.மு.க., ரூபாய்க்கு ஒரு படித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கியது. 1972இல் நுகர்பொருள் வாணிபக் கழகம் பிறந்தது; கடைகள் கிராமங்களுக்குப் பரவின. 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டை அளவுகோலாக்கியபோதும் தமிழ்நாடு அனைவருக்குமான முறையை விடவில்லை. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஏற்றபோதும் அம்முறையை விட்டுக்கொடுக்கவில்லை. இதனால் நெல் எடுத்துச் செல்லப்பட்ட ஊர், அரிசி பெறும் ஊராகவும் ஆனது.

3. மாறாத பார்வை

திசை மாறினாலும் ஆவணத்தின் வழியாகவே ஆளைப் பார்க்கும் பழக்கம் மாறவில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விவசாயி முதலில் காட்ட வேண்டியவை நில உரிமையைக் காட்டும் சிட்டாவும் பயிரைக் காட்டும் அடங்கலும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்து, 40 கிலோ மூட்டைகளாக எடை போடுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தது. கர்ணம் எழுதிவந்த அடங்கல் கிராம நிர்வாக அலுவலரின் கைக்கு வந்தது. இந்த ஆவணச் சோதனையில் தடுமாறுபவர் குத்தகைக்கு உழுபவர். விளைச்சல் அவருடையது, சிட்டா நில உரிமையாளர் பெயரில். அதே குத்தகைதாரர் ரேஷன் கடையில் விரல் ரேகை வைத்தால் குடும்ப அட்டைக்கு உரிய அரிசி தடையின்றிக் கிடைக்கிறது. உண்பவராக அவரை அரசு முழுமையாக அங்கீகரிக்கிறது. உழுபவராக இன்னும் சான்று கேட்கிறது.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. பங்கீட்டை வாக்காளர்கள் உரிமையாக மாற்றிக்கொண்டார்கள். கொள்முதலுக்கு அத்தகைய அரசியல் அழுத்தம் வாய்க்கவில்லை. ஆகவே போரின் நெடுங்கால விளைவை இறந்தோர் எண்ணிக்கையால் மட்டும் அளப்பது போதாது. அது விட்டுச்சென்ற பதிவேடுகளில் எவை மக்களுக்குப் பணிந்தன, எவை பணியவில்லை என்று பிரித்தறிவதும் அந்த அளவீட்டின் பகுதியாக வேண்டும்.