ஜீப் டிரைவரின் முழங்கால்

விடியற்காலையில் போடியிலிருந்து முந்தல் சோதனைச்சாவடி தாண்டி மேலே ஏறும் தோட்டத்து ஜீப்புகளைக் கவனித்திருக்கிறீர்களா? கூட்டத்தை விட்டுவிட்டு டிரைவரை மட்டும் பாருங்கள். அவர் நேராக உட்கார்ந்திருக்க மாட்டார். இடுப்பு கொஞ்சம் வெளியே தள்ளியிருக்கும். கதவில்லாத பக்கம் ஒரு தொடை பாதி காற்றில் இருக்கும். முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே மடங்கி, பக்கவாட்டில் விரிந்திருக்கும். ஆள் கொஞ்சம் உயரமாகவோ பருமனாகவோ இருந்துவிட்டால், வண்டிக்குள் இருப்பதைவிட வண்டியை இடுப்பில் மாட்டியிருக்கிறார் என்றே சொல்லலாம்.

ரொம்ப நாளாக இதைக் கூட்டத்தின் விளைவு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டில் மூன்று பேரை ஏற்றினால் டிரைவர் வெளியேதானே தள்ளப்படுவார்? அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. காலி ஜீப்பில் தனியாக ஏறி உட்கார்ந்து பார்த்தாலும் ஆறடி ஆளுக்கு முழங்கால் இடிக்கும். அந்த இடிக்கும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனால், போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்து பென்சில்வேனியாவில் உள்ள பட்லர் என்ற சின்ன ஊருக்குப் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

பட்லரில்தான் அமெரிக்கன் பேண்டம் கம்பெனி இருந்தது. அதன் பழைய பெயர் அமெரிக்கன் ஆஸ்டின். இங்கிலாந்தில் 1922-ல் வந்த ஆஸ்டின் செவன் என்ற குட்டிக் காரை உரிமம் வாங்கி அமெரிக்காவில் செய்தவர்கள். ஆஸ்டின் செவனின் முன் சக்கர அச்சுக்கும் பின் சக்கர அச்சுக்கும் இடைத்தூரம் 75 அங்குலம், அதாவது 6 அடி 3 அங்குலம். நம்மூரில் ஓங்குதாங்கான ஒருவர் தரையில் படுத்தால் அச்சுக்கு அச்சு நீளம் சரியாகப் போய்விடும். கிளச்சும் பிரேக்கும் அவ்வளவு நெருக்கம். அகலமான பூட்ஸ் போட்டவர் ஒன்றை மிதித்தால் இன்னொன்றும் சேர்ந்து அமுங்கும் என்பது அந்தக் கார்க்காரர்கள் எல்லோரும் சொல்லும் புகார்.

ஆனால் இந்தக் குட்டிக் காரிலிருந்துதான் ஸ்போர்ட்ஸ் கார் உலகின் பாதி பிறந்தது. லோட்டஸ் கம்பெனியை உருவாக்கிய காலின் சாப்மன் தன் முதல் வண்டியை ஒரு பழைய ஆஸ்டின் செவனை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துத்தான் கட்டினார். நியூசிலாந்தின் புரூஸ் மெக்லாரன் முதலில் பந்தயத்தில் ஓட்டியதும் ஒரு ஆஸ்டின் செவன்தான். பி.எம்.டபிள்யூ கார் தொழிலுக்குள் நுழைந்ததும் அதே காரின் ஜெர்மன் வடிவத்தோடு. சின்ன உடம்பு, குறைந்த எடை, அதனால் வேகம் என்ற கணக்கு அங்கிருந்து வந்தது. அந்தக் கணக்கில் டிரைவரின் உடம்புக்குக் கடைசி இடம்.

1940 ஜூனில் அமெரிக்க ராணுவத்தின் குழு ஒன்று பட்லர் தொழிற்சாலையைப் போய்ப் பார்த்தது. எடை குறைந்த உளவு வண்டி ஒன்று அவர்களுக்கு அவசரமாக வேண்டியிருந்தது. அடுத்த மாதம் வெளியிட்ட நிபந்தனைகளில் எடை 1,300 பவுண்டு, அதாவது சுமார் 590 கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். அச்சுக்கு அச்சு 75 அங்குலம். அதே 75! தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. 135 கம்பெனிகளுக்கு அழைப்பு போனது. பேண்டமும் வில்லிஸும் மட்டும்தான் பதில் போட்டன. பேண்டமுக்காக கார்ல் பிராப்ஸ்ட் என்ற பொறியாளர் இரண்டே நாளில் படம் வரைந்து முடித்தார். செப்டம்பர் 23 அன்று முதல் வண்டி மேரிலாந்தில் உள்ள ஹோலபேர்ட் ராணுவ முகாமுக்கு ஓடியே போய்ச் சேர்ந்தது.

590 கிலோவில் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி என்பது யாராலும் முடியாத காரியம். வரம்பை 2,160 பவுண்டுக்கு உயர்த்தினார்கள். வில்லிஸ் கம்பெனியின் தலைமைப் பொறியாளர் பார்னி ரூஸின் வண்டியில் எஞ்சின் வலுவாக இருந்தது, ஆனால் எடை அந்த வரம்பையும் தாண்டி நின்றது. அவர் வண்டியை முழுக்கப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் சுரண்ட ஆரம்பித்தார். போல்ட்டுகளின் நீளத்தைக்கூடக் குறைத்தார், பெயிண்ட்டை மெல்லிசாக அடித்தார் என்பார்கள். இப்படிப் பெயிண்ட் வரைக்கும் எடை பார்க்கிற மனுஷன், சீட்டை முன்னும் பின்னும் நகர்த்தத் தண்டவாளம் வைப்பாரா?

வைக்கவில்லை. அதற்கு எடை மட்டும் காரணமில்லை. ஜீப்பில் 57 லிட்டர் பெட்ரோல் டேங்க்கை வைக்க வேறு இடமே கிடைக்காமல், டிரைவர் சீட்டுக்கு அடியில் வைத்தார்கள். போர்க்கால ஜீப்பில் பெட்ரோல் ஊற்ற வேண்டுமானால் டிரைவர் எழுந்து, குஷனைத் தூக்க வேண்டும். டேங்க் இருப்பதால் சீட்டைக் கீழே இறக்க முடியாது. பின்னால் சக்கரத்தின் மேற்கூடு நிற்பதால் பின்னுக்கும் தள்ள முடியாது. முன்னால் 17 அங்குலத்துக்கும் கொஞ்சம் அதிக விட்டமுள்ள ஸ்டியரிங். பவர் ஸ்டியரிங் இல்லாத காலம் அது, வட்டம் பெரிசாக இருந்தால்தான் கை பலத்தில் திரும்பும். கீழே டேங்க், பின்னே கூடு, முன்னே சக்கரம். இந்த மூன்றுக்கும் நடுவில் மிச்சமிருந்த பள்ளம்தான் டிரைவருக்கு.

அப்போது அமெரிக்க ராணுவம் 5 அடியிலிருந்து 6 அடி 6 அங்குலம் வரை உயரமுள்ளவர்களைச் சேர்த்துக்கொண்டது. சராசரி சிப்பாய் 5 அடி 8 அங்குலம். ஒன்றரை அடி உயர வித்தியாசத்துக்கு ஒரே ஒரு அசையாத சீட்.

உடம்பு சும்மா இருக்குமா? 1944-ல் லூயி பூயி என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 'ஜீப் நோய்' என்று பெயர் வைத்து ஒரு கட்டுரை எழுதினார். வால் எலும்புக்குப் பக்கத்தில், பிட்டப் பிளவில் சீழ்க்கட்டி வரும். மருத்துவத்தில் பைலோநைடல் சைனஸ் என்பார்கள். போர்க்காலத்தில் சுமார் 80,000 அமெரிக்கச் சிப்பாய்கள் இதற்காக ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். பருமனான, உடம்பில் ரோமம் அதிகமுள்ள, நாளெல்லாம் உட்கார்ந்து குலுங்குகிற இளைஞர்களுக்கு அதிகம் வந்தது. எல்லாப் பழியையும் ஜீப் தலையில் போட முடியாது, ரோமம் தோலுக்குள் குத்தி இறங்குவதுதான் மூலகாரணம் என்று பின்னாளில் சொன்னார்கள். ஆனாலும் பெயர் நின்றுவிட்டது. நம்ம பக்கம் ஜீப் ஓட்டிப் பழுத்தவர்கள் 'சூடு' என்று சொல்லிக் குஷனுக்கு மேல் துண்டை மடித்துப் போட்டு உட்காருவதைப் பார்க்கும்போது இந்தக் கட்டுரைதான் எனக்கு நினைவுக்கு வரும்.

இந்தியாவுக்கு வருவோம். 1947-ல் மஹிந்திரா கம்பெனி வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்குமதி செய்ய ஆரம்பித்து, 1949-ல் பம்பாய் மசகானில் பூட்டத் தொடங்கியது. பிறகு வந்த சி.ஜே. 3பி என்ற மாடல்தான் நம் கண்ணில் 'ஜீப்' என்று பதிந்த உருவம். அதற்கும் அச்சுக்கு அச்சு 80 அங்குலம், போர்க்கால ஜீப்பின் அதே அளவு. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: அந்தக் காலத்து ஸ்போர்ட்ஸ் காருக்கு உதாரணமாக எல்லோரும் காட்டும் எம்.ஜி. டி.சி.க்கு 94 அங்குலம். லோட்டஸ் செவனுக்கு 88. ஆக, ஏலத்தோட்டத்து ஜீப் ஸ்போர்ட்ஸ் காரைவிடக் குட்டை!

இன்னொரு விஷயமும் கூடவே வந்தது. இந்தியாவில் சாலையின் இடதுபக்கம் போகிறோம், ஆனால் மஹிந்திரா ஜீப்புகளில் ரொம்ப காலத்துக்கு ஸ்டியரிங்கும் இடதுபக்கம்தான். பின்னால் 'லெப்ட் ஹேண்ட் டிரைவ்' என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே வளர்ந்த தலைமுறை நாங்கள். மலையில் இதற்கு ஒரு லாபம், ஒரு நஷ்டம். தன் பக்கத்துச் சாலை ஓரம், அதாவது பள்ளமோ ஓடையோ, டிரைவருக்குக் காலடியிலேயே தெரியும். முன்னால் போகும் லாரியைத் தாண்டி எதிரே வரும் பஸ்ஸைப் பார்க்கத்தான் முடியாது. வலதுபக்கம் இருப்பவர் எட்டிப் பார்த்து 'வா, வா' என்று சொல்ல வேண்டும்.

சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கும் போடியிலிருந்து போடிமெட்டுக்குப் போனால் ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் ஏற்றம். அதைத் தாண்டி பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜகுமாரி என்று ஏலத்தோட்டங்கள் கேரளத்துக்குள் பரவிக் கிடக்கின்றன. காய் போடிக்கு இறங்கி வருகிறது, ஆள் போடியிலிருந்து ஏறிப் போகிறார். கழுதையும் தலைச்சுமையும் செய்த வேலையை ஜீப் எடுத்துக்கொண்டது. குரங்கணி, கொட்டகுடிப் பக்கம் பாதை இல்லாத தோட்டங்களுக்குக் கழுதையும் குதிரையும் போவது முழுக்க நின்றுவிடவும் இல்லை. தோட்டத்துக்குள் போகும் கல் பாதையில் பஸ் போகாது. எனவே காலையில் ஏற்றி, சாயங்காலம் இறக்கும் 'டிரிப்' ஜீப். ஒரு நடைக்கு எத்தனை தலை என்பதில்தான் டிரைவருக்கு வரும்படி, தலைக்கு எவ்வளவு குறையும் என்பதில்தான் தோட்டக்காரருக்கு மிச்சம். கூட்டத்துக்கான காரணம் இந்த இரண்டு கணக்கிலும் இருக்கிறது. தொழிலாளிகளின் பொறுமையின்மை என்று சிலர் எழுதுவதைப் படித்தால் எரிச்சல்தான் வரும். அடுத்த வண்டி இல்லாதவர்கள் எதில் ஏறுவார்கள்?

இப்போது முன் சீட்டுக்கு வாருங்கள். ஜீப்பின் நடுத்தளத்தில் மூன்று தடிகள் நிற்கும். ஒன்று கியர், மற்ற இரண்டும் நாலு சக்கர இழுவைக்கும், 'லோ' போடுவதற்கும். முன்னால் மூன்றாவது ஆள் ஏறினால் அவருடைய முழங்கால்களுக்கு நடுவில் இந்தத் தடிகள் வரும். கொண்டை ஊசி வளைவில் இரண்டிலிருந்து ஒன்றுக்கு மாற்ற வேண்டிய அந்த ஒரு நொடியில், டிரைவரின் கை பக்கத்து ஆளின் தொடையைத் தள்ளிக்கொண்டுதான் கியரைத் தேட வேண்டும். தள்ளப்பட்ட டிரைவரின் இடுப்பு வெளியே போகப் போக, வலதுகால் பிரேக்கை மிதிக்கும் கோணமும் மாறும். நேராக மிதிப்பதற்கும் சாய்ந்து மிதிப்பதற்கும் உள்ள பலம் ஒன்றா?

இது சட்டத்துக்கும் தெரியும். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 125-வது பிரிவு இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. வண்டியைக் கட்டுப்படுத்துவதற்கு இடைஞ்சலாக யாரையும் உட்காரவோ நிற்கவோ விடக்கூடாது, பொருளும் வைக்கக்கூடாது. கவனியுங்கள், விடக்கூடாது என்பது டிரைவருக்குப் போட்ட கட்டளை. வண்டி முதலாளிக்கும் இல்லை, தோட்டத்துக்கும் இல்லை. 2019 திருத்தத்தில் வந்த 194ஏ பிரிவின்படி அதிகமாக ஏற்றிய ஆள் ஒருவருக்கு 200 ரூபாய் அபராதம்.

பந்தய உலகத்தில் இதே பிரச்சினைக்கு என்ன செய்தார்கள்? 1967 லீ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு ஜி.டி.40-ஐ ஓட்டிய டான் கர்னி 6 அடி 4 அங்குலத்துக்குக் கிட்ட. அந்தக் காரின் பெயரில் உள்ள 40 என்பதே தரையிலிருந்து கூரை வரை உள்ள உயரம், அங்குலக் கணக்கில். ஹெல்மெட்டோடு தலை நுழையவில்லை. கூரையில் தலைக்கு நேராக ஒரு கொப்புளம் போலப் புடைத்து விட்டார்கள். ஜெயித்தும் காட்டினார். 'கர்னி குமிழ்' என்று அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. எல்லோருக்கும் அந்த யோகம் இல்லை. 2002-ல் மினார்டி அணியில் மலேசிய டிரைவர் அலெக்ஸ் யூங்குக்குப் பதிலாக ஜஸ்டின் வில்சனைப் போட நினைத்தார்கள். அவரும் நெட்டை, காருக்குள் போகவில்லை. வாய்ப்பு ஆன்டனி டேவிட்சனுக்குப் போனது. அடுத்த வருடம் அவருக்கு இடம் விட்டுக் காரைச் செய்த பிறகுதான் வில்சன் ஓட்டினார். எடைக்கும் இதே கதி. 2019 வரை ஃபார்முலா ஒன்னில் டிரைவரையும் காரையும் சேர்த்தே எடை போட்டார்கள். கனமான டிரைவர் பட்டினி கிடந்தார். பிறகு டிரைவருக்கும் சீட்டுக்கும் சேர்த்து 80 கிலோ என்று தனியாக வைத்து, குறைகிறவர் சீட்டுப் பக்கம் எடைக்கட்டி வைத்து ஈடுகட்ட வேண்டும் என்றார்கள்.

அங்கே டிரைவரைப் பையில் ஊற்றிய நுரை மேல் உட்காரவைத்து, அவர் முதுகின் அச்சிலேயே சீட்டை வார்க்கிறார்கள். நம்மூர்ப் பட்டறை செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான், நுரைக்குப் பதில் வெல்டிங். குஷனை மெலிசாக்குவார்கள். சாய்மானத்தின் சட்டத்தை அறுத்து அங்குலக் கணக்கில் பின்னுக்குத் தள்ளிப் பற்ற வைப்பார்கள். சின்ன ஸ்டியரிங் மாட்டுவதும் உண்டு, ஆனால் அது முழங்காலுக்கு நல்லது, தோளுக்குக் கெடுதல். ஒவ்வொரு மாற்றமும் அந்த ஒரு டிரைவரின் அளவுக்கு. வண்டி கைமாறினால் புது டிரைவர் பழைய டிரைவரின் உடம்புக்குள் உட்கார வேண்டும்.

இந்திய உடம்புகளை நாடு முழுக்க அளந்து, வடிவமைப்பாளர்கள் பயன்படுத்தும்படி ஒரு புத்தகமாக அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் 1997-ல்தான் வெளியிட்டது. தேவ்குமார் சக்ரவர்த்தி செய்த வேலை. மசகானில் முதல் ஜீப் வந்து 48 வருடம் கழித்து. அதுவரை இங்கே பூட்டிய ஜீப்பின் டிரைவர் சீட் 1940-ன் அமெரிக்கச் சிப்பாய்க்கும் சரியாக அமையாத ஒரு சீட்டின் வாரிசு. பின்னால் குறுக்குப் பலகையில் உட்காருகிறவர்களுக்கு அந்த அளவும் இல்லை. காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று வயநாடு மானந்தவாடி அருகே தேயிலைத் தோட்ட வேலை முடிந்து திரும்பிய ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பேர் இறந்தார்கள். ஒன்பது பேரும் பெண்கள்.

இப்போது வரும் புது தாரில் டிரைவர் சீட் முன்னும் பின்னும் நகரும், உயரமும் கூட்டிக் குறைக்கலாம். பெட்ரோல் டேங்க் சீட்டுக்கு அடியில் இல்லை. நானும் ஒன்றில் ஏறிப் பார்த்தேன், முழங்கால் எதிலும் இடிக்கவில்லை. அதில் நாலு பேர் போகலாம். சனி, ஞாயிறுகளில் மூணாறு போகிற கூட்டத்தோடு அந்த வண்டிகள் போடிமெட்டில் நிறைய ஏறுகின்றன. முந்தலில் விடியற்காலை ஐந்து மணிக்கு அவற்றை நான் பார்த்ததில்லை.