ஐந்து நட்சத்திரம் போய், கட்டைவிரலும் போன கதை

எங்கள் வீட்டில் டிவியை விட அதிகம் ஓடுவது யூடியூப்தான். எனக்குப் பழைய பாட்டு, வீட்டுக்காரிக்குச் சமையலும் கைவைத்தியமும். அதன் முகப்பு மாறும்போதெல்லாம் பேரன்தான் எங்களுக்கு வாத்தியார். அது மாறிவந்த வரலாற்றை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

பேபால் நிறுவனத்தில் வேலை பார்த்த சாட் ஹர்லி, ஸ்டீவ் சென், ஜாவேத் கரீம் மூவரும் 2005-ல் தொடங்கியது இது. அந்த ஆண்டு ஏப்ரல் 23-ம் தேதி ஏற்றிய முதல் காணொளியில், சான் டியேகோ மிருகக்காட்சி சாலையில் யானைகளுக்கு முன்னால் நின்று கரீம் பேசுவார். மொத்தமே 19 விநாடி. மறு ஆண்டே கூகுள் 165 கோடி டாலருக்கு அதை வாங்கிவிட்டது.

அந்த நாளில் படத்துக்குக் கீழே ஐந்து நட்சத்திரம் இருக்கும். 2009-ல் அவர்களே கணக்குப் பார்த்தபோது, விழுந்த மதிப்பெண்களில் மிகப் பெரும்பாலானவை ஐந்துக்கு ஐந்து! கல்யாண வீட்டில் சாப்பாடு எப்படி என்று கேட்டால் யார் குறை சொல்வார்கள்? அதனால் 2010-ல் நட்சத்திரம் போய், மேலும் கீழும் காட்டும் கட்டைவிரல்கள் வந்தன. சரியான மாற்றம்.

2012-ல், எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை விட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுத்துப் பரிந்துரை செய்யத் தொடங்கினார்கள். பொய்த் தலைப்பு போட்டு ஆள் இழுப்பவர்களைத் தடுக்க அது நல்ல யோசனைதான். ஆனால் 2015-ல் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியும் சேர்ந்துகொண்டது. உட்கார்ந்தவரை எழுந்திருக்க விடாத பந்தி அது.

2017-ல் சின்னமும் தோற்றமும் மாறின. கறுப்புப் பின்னணி வந்தது. ராத்திரியில் என் கண்ணுக்கு அது இதம். அதற்கு முழு மதிப்பெண்.

2021 நவம்பரில் கீழ்நோக்கிய கட்டைவிரலின் எண்ணிக்கையை மறைத்தார்கள். விரல் இருக்கும், அமுக்கலாம். எத்தனை பேர் அமுக்கினார்கள் என்பது காணொளி போட்டவருக்கு மட்டும் தெரியும். கூட்டமாகச் சேர்ந்து சிறியவர்களைத் தாக்குவதைத் தடுக்கவே இது என்றார்கள். காரணத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் தொடங்கியவர்களில் ஒருவரான கரீமே, தன் முதல் காணொளியின் விளக்கக் குறிப்பை மாற்றி எழுதி எதிர்ப்பைக் காட்டினார்.

நான் முப்பது வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன். புதுப் படிவம் வந்தால் நாங்கள் கேட்பது ஒன்றுதான்: இது உட்கார்ந்திருப்பவருக்குச் சௌகரியமா, எதிரே நிற்பவருக்கா? நட்சத்திரம் போனது நிற்பவருக்கு நல்லது. எண்ணிக்கை மறைந்தது உட்கார்ந்திருப்பவருக்கு என்பது என் கட்சி.

போன வாரம் வீட்டுக்காரி முட்டிவலிக்கு ஒரு வைத்தியக் காணொளியைக் காட்டினாள். "எத்தனை பேர் வேண்டாம்னு போட்டிருக்காங்க, பாருங்க" என்றாள், பழைய ஞாபகத்தில்.

"அதெல்லாம் இப்ப தெரியாது" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப நாளைக்கு டாக்டரையே கேட்டுடலாம்" என்று சொல்லிப் போனை அணைத்தாள்.